உவரியின் முகவரி 123321

இணைய வரைபடத்துக்குள் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் முகவரி இருக்கிறது. சுயம்புலிங்க சுவாமி கோயிலும், அந்தோனியார் திருத்தலமும், கப்பல் வடிவிலேயே கட்டப்பட்ட கப்பல் மாதா ஆலயமும் இருக்கும் ஊர் உவரி. திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரை. எழுத்தாளர் ஜோ டி குருஸின் சொந்த ஊர். மைக்ரோசாஃப்டின் பிங் வரைபடம் எண்ணும் முறையில் உவரியின் முகவரி 123321 என்று தொடங்கும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். யாரும் யோசித்து வைத்த எண் அல்ல இது. உலகத்தை நான்கு நான்காக வெட்டிக்கொண்டே வந்ததில் தானாக விழுந்தது.

வெட்டும் முறையைப் பார்ப்போம். முதலில் முழு உலகமும் ஒரே சதுரப் படம்; பக்கத்துக்கு 256 புள்ளிகள். அதை நான்காக வெட்டி மேல் இடதுக்கு 0, மேல் வலதுக்கு 1, கீழ் இடதுக்கு 2, கீழ் வலதுக்கு 3 என்று எண் கொடுக்கிறார்கள். உவரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்கிறது, ஆகவே 1. அந்தக் கால்பாகத்தைப் பெரிதாக்கி மறுபடி வெட்டினால் உவரி கீழ் இடதில் வருகிறது, 2. ஆறாவது வெட்டில் 123321 முழுமையாகிறது. அந்தச் சதுரத்தின் அகலம் 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோயம்புத்தூர், மதுரை, திருவனந்தபுரம், கன்னியாகுமரி எல்லாம் அதற்குள் அடக்கம். இன்னும் பன்னிரண்டு முறை வெட்டினால் ஒரு சதுரத்தின் பக்கம் சுமார் 151 மீட்டர் ஆகிவிடும். ஒரு கோயில் வளாகமும் அதை ஒட்டிய இரண்டு தெருவும் கொள்ளும் அளவு.

இப்படி வெட்டிய சதுரத்தைப் படச்சில்லு என்று சொல்லலாம். 18ஆவது நிலையில் உலகத்துக்கு ஏறத்தாழ 6,872 கோடிச் சில்லுகள். நாம் கைபேசியில் உவரியைத் திறக்கும்போது அவற்றில் ஒரு டஜனோ இரண்டு டஜனோ மட்டும் வந்து சேருகின்றன. எங்கே இருக்கின்றன என்று தேடவே வேண்டாம், முகவரியே இடத்தைச் சொல்லிவிடும். கடைசி இலக்கத்தை அழித்தால் அதைச் சுற்றியிருக்கும் பெரிய சதுரம் கிடைக்கும். ஒன்றைக் கூட்டினால் அதற்குள்ளே இருக்கும் சிறியது. திரையை இரு விரலால் விரிப்பதும் சுருக்குவதும் உள்ளுக்குள் இலக்கம் சேர்ப்பதும் அழிப்பதும்தான்.

சதுரம் என்றால் உருண்டையைத் தட்டையாக்கியாக வேண்டும். மெர்காட்டர் முறையில் தட்டையாக்கும்போது துருவத்தை நோக்கிப் போகப் போக நிலம் ஊதிப்போகும். ஓஸ்லோ நகரில் எல்லாம் இரண்டு மடங்கு நீளமாகத் தெரியும். நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் உவரிக்கு ஊதல் நூற்றுக்கு ஒரு பங்குதான். நம்மூர் வரைபடக்காரர்களுக்குக் கிடைத்த சலுகை இது.

சில்லு என்பது வெறும் சட்டம். அதற்குள் வைக்கும் படம் எங்கிருந்து வருகிறது? வான்படம் என்று பொதுவாகச் சொன்னாலும், நம் பகுதியில் பெரும்பாலும் அது விமானத்திலிருந்து எடுத்ததல்ல, செயற்கைக்கோள் எடுத்தது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 786 கிலோமீட்டர் உயரத்தில், துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. முதலாவது 2015இலும் இரண்டாவது 2017இலும் மேலே போயின. அவற்றில் இருப்பது பொத்தானை அழுத்தி ஒரு படம் எடுக்கும் கேமரா அல்ல. பக்கவாட்டில் வரிசையாக அடுக்கிய உணரிகள், 290 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே ஒரு கோட்டை மட்டும் பார்க்கின்றன. செயற்கைக்கோள் முன்னே நகர நகர அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு. முற்றம் பெருக்குவதுபோல பூமியைப் பெருக்கிக்கொண்டே போவதால் இதற்குத் துடைப்ப முறை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். தரையில் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 6.6 கிலோமீட்டர். திருநெல்வேலிக்கு நேர் மேலே இருந்து உவரி அட்சரேகைக்கு வர எட்டு விநாடிகூட ஆகாது.

ஒரு வேடிக்கை இதில் ஒளிந்திருக்கிறது. நீலம், பச்சை, சிவப்பு மூன்றையும் தனித்தனி உணரி வரிசைகள் பார்க்கின்றன. ஓரிடத்தின் நீலத்தைப் பார்த்துச் சுமார் ஒரு விநாடி கழித்தே அதே இடத்தின் சிவப்பு பதிவாகிறது. வீடும் மரமும் நகராதவை, ஆகவே மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடும். வானத்தில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானமோ அந்த ஒரு விநாடிக்குள் 250 மீட்டர் தாண்டியிருக்கும். படத்தில் அது நீலமாக ஒன்று, பச்சையாக ஒன்று, சிவப்பாக ஒன்று என மூன்று விமானங்களாகத் தெரியும். கடலில் போகும் படகுக்கு அந்த வேகம் இல்லை. அது ஒற்றைப் புள்ளியாகவே நிற்கும்.

சென்டினல்-2 ஓர் ஊரைக் கடப்பது எப்போதும் அந்த இடத்துச் சூரிய நேரப்படி காலை பத்தரை மணி அளவில். வெளிச்சம் ஒரே மாதிரி விழ வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு சுற்றுப்பாதையைத் தேர்ந்திருக்கிறார்கள். ஒரு மாதத்துப் படத்தை இன்னொரு மாதத்துப் படத்தோடு ஒப்பிட அது வசதி. ஆனாலும் நிழல் மாதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். டிசம்பரில் உவரிப் பனைகளின் நிழல் வடமேற்கே சாய்கிறது. ஜூனில் தென்மேற்கே. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் உவரிக்கு வடக்கே போய்விடுவதுதான் காரணம். சென்னைக்காரர் இதற்கு ஏப்ரல் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டும். தில்லிக்காரருக்கு ஒருநாளும் வாய்க்காது.

துருவப் பாதை என்றதும் உவரிக்குப் பக்கத்து ஊர் ஒன்று நினைவுக்கு வரும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராக ஏவினால் ராக்கெட் இலங்கைக்கு மேலே போகும். அதைத் தவிர்க்க வழியில் வளைந்து திரும்ப வேண்டும், அதற்கு எரிபொருள் செலவாகும். சின்ன ராக்கெட்டுக்கு அந்தச் செலவு தாங்காது. உவரியிலிருந்து கடற்கரையோரமாக வடகிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே வெறும் கடல்தான். எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டினார்கள். மேற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம் முன்பே இருக்கிறது. ஆக, வானத்திலிருந்து பார்க்கும் தொழிலின் இரண்டு முனைகளுக்கு நடுவே உவரி.

இந்தியாவின் முதல் செயல்பாட்டு நிலப்படச் செயற்கைக்கோளான ஐஆர்எஸ்-1ஏ, 1988 மார்ச் 17 அன்று சோவியத் நாட்டின் பைக்கனூரிலிருந்து போனது. அதன் ஒரு கேமராவுக்கு ஒரு படப்புள்ளி தரையில் 72.5 மீட்டர். அந்தக் கணக்கில் ஒரு கால்பந்து மைதானம் ஒன்றரைப் புள்ளி. 2019இல் போன கார்ட்டோசாட்-3 கருப்பு வெள்ளையில் 25 சென்டிமீட்டர் வரை பிரித்துப் பார்க்கும். முப்பத்தோர் ஆண்டில் ஒரு புள்ளி இருந்த இடத்தில் 84,000 புள்ளிகள்.

கூர்மையான படத்தை விற்பவர்கள் அதிகம், சும்மா தருபவர்கள் குறைவு. ஆனால் சும்மா கிடைப்பதிலேயே செய்ய நிறைய இருக்கிறது. அமெரிக்கா தன் லேண்ட்சாட் படங்களை 2008இல் இலவசமாக்கியது. சென்டினல் படங்களை கோப்பர்னிகஸ் உலாவியில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்: இடத்தைக் குறிக்க வேண்டும், தேதியைத் தர வேண்டும், எத்தனை சதவீதம் மேகம் பொறுப்போம் என்று சொல்ல வேண்டும். உவரிக்குப் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளைத் திரைதான் கிடைக்கும். ஹைதராபாத்தில் இருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் 2009இல் புவன் என்ற வரைபடத்தளத்தைத் தொடங்கியது. படக்கோப்புகளைப் பதிவிறக்க பூநிதி என்ற தளத்தை நடத்துகிறது. 2023ஆம் ஆண்டு விண்வெளிக் கொள்கையின்படி, 5 மீட்டரும் அதற்கு மேலும் பருமனான அரசுப் படங்கள் எல்லோருக்கும் இலவசம்.

சென்டினல் தரும் பத்து மீட்டர்ப் புள்ளியில் என்ன தெரியும் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். சென்டினல்-2 பார்ப்பது பதின்மூன்று நிறப்பட்டைகளில். அவற்றில் பல நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு. பச்சை இலை அகச்சிவப்பை அள்ளித் திருப்பி வீசும் குணமுடையது. அந்தப் பட்டையைச் சிவப்பாகக் காட்டச் சொன்னால் வாழைத்தோட்டமும் நெல்வயலும் இரத்தச் சிவப்பாக எரியும். கடற்கரையோரத் தேரிக்காடோ நம் கண்ணுக்கே சிவப்பு. மணலைப் போர்த்திய இரும்பு ஆக்சைடு நீல ஒளியை விழுங்குவதால் வரும் நிறம் அது. நிறத்தை மட்டும் வைத்தே வயலையும் தேரியையும் உப்பளத்தையும் வெள்ளைக் கடல்மணலையும் கோடு போட்டுப் பிரித்துவிடலாம்.

இனிமேல்தான் கடினமான வேலை. என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் படம் எடுப்பது பாதிகூட இல்லை. எடுத்த படம் பூமியின் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் வேலை.

செயற்கைக்கோள் எப்போதும் நேர் கீழே பார்ப்பதில்லை. இருபது பாகை சாய்வாகப் பார்த்து எடுத்த படத்தில், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலை ஒன்றின் 80 மீட்டர் உயர உச்சி, அதன் அடியிலிருந்து 29 மீட்டர் தள்ளிப்போய் விழும். காற்றாலை விழுந்து கிடப்பதாகத் தெரிந்தால் நமக்கே புரிந்துவிடும். மலை விழுந்தால் புரியாது. 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த மகேந்திரகிரியைப் பத்தே பாகை சாய்வில் எடுத்தாலும் உச்சி 280 மீட்டர் நகர்ந்துவிடும். அதோடு சேர்ந்து அங்கே போகும் பாதையும் ஓடையும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு புள்ளியின் உயரமும் தெரிய வேண்டும். 2005இல் ஏவிய கார்ட்டோசாட்-1இல் அதற்காகவே இரண்டு கேமராக்கள்: ஒன்று 26 பாகை முன்னோக்கி, மற்றது 5 பாகை பின்னோக்கி. ஒரே இடத்தை ஒரு நிமிடத்துக்குள் இரண்டு கோணத்தில் எடுத்து, நம் இரண்டு கண்களும் ஆழம் பார்ப்பதுபோலவே உயரத்தைக் கணக்கிட்டார்கள். உயரத்தை வைத்து ஒவ்வொரு புள்ளியையும் அதன் இடத்துக்குத் திருப்பித் தள்ளுவதுதான் செங்குத்துத் திருத்தம். இது முடிந்த படத்தில்தான் தூரத்தை அளக்கலாம்.

அதற்குப் பிறகும் மொத்தப் படமும் சில மீட்டர் நகர்ந்திருக்கக்கூடும். அதைப் பிடித்து இழுக்கத் தரையில் ஆணிகள் வேண்டும். படத்திலும் தெளிவாகத் தெரிந்து, தரையிலும் துல்லியமாக அளந்த இடத்தைக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்பார்கள். சாலைச் சந்திப்பு, கிணற்றுமேடு, மதில் மூலை போன்றவை பொருந்தும். ஆலயக் கோபுரத்தின் உச்சிதான் கண்ணுக்கு முதலில் படும், ஆனால் அது கூடாது. உயரமான எதுவும் சாய்ந்திருக்கும் என்று இப்போதுதான் பார்த்தோம்.

இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் இதே மண்ணில் இதே வேலை நடந்தது. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவை தெற்கே வந்துகொண்டிருந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கல்லில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தானே சீராக்கினார். அடுத்த ஆண்டு பாளையங்கோட்டைக்கு அருகே ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளந்து, வடக்கிலிருந்து வந்த கணக்கு சரிதானா என்று பார்த்தார். உயரமான மூன்று இடங்கள் ஒன்றையொன்று பார்த்து, ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் போதும், மற்ற தூரங்களைக் கோணமே சொல்லிவிடும் என்பதுதான் அவர் நம்பிய கணிதம்.

உவரியின் கடலோடிகள் அந்தக் கணிதத்தை ஏட்டில் படிக்கவில்லை. கடலுக்கு அடியில் மீன் கூடும் பாறைப் பாரின் மேல் போய் நிற்க, கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள்: முன்னே ஓர் ஆலயம், பின்னே ஒரு மலை முகடு. வேறு திசையில் இன்னோர் இணை. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நங்கூரம். இதற்குக் கோபுர உச்சிதான் தோது. அவர்கள் பார்ப்பது பக்கவாட்டில், செயற்கைக்கோளைப்போல் மேலிருந்து அல்ல.

படம் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அதை வைத்து வரையலாமா? பார்க்கும் உரிமை வேறு, படியெடுக்கும் உரிமை வேறு. கூகுள் படத்தை எவரும் பார்க்கலாம், ஆனால் அதன்மேல் கோடு இழுத்து இன்னொரு வரைபடம் செய்ய அனுமதி இல்லை. ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் திருத்தலாம் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரைபடம். தொடக்கத்தில் தன்னார்வலர்கள் ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாக நடந்துதான் அதை வரைந்தார்கள். 2006இல் யாகூவும், 2010இல் மைக்ரோசாஃப்டும் தங்கள் படத்தின்மேல் வரைந்துகொள்ளச் சம்மதித்தபோது நடக்க ஆளில்லாத ஊர்களும் வரைபடத்துக்குள் வரத் தொடங்கின. இந்தியாவில் நெடுங்காலம் வரைபடம் செய்வதற்கே பல அனுமதிகள் வாங்க வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டு நெறிகள் இந்திய நிறுவனங்களுக்கும் குடிமக்களுக்கும் பெரும்பாலான முன்அனுமதியை நீக்கின.

வரைபடத் திருத்தியில் படத்தைச் சேர்ப்பது ஒரே ஒரு வரி. இணைய முகவரி ஒன்றில் மூன்று இடங்களை வெற்றாக விட்டு எழுத வேண்டும்: எத்தனையாவது நிலை, எத்தனையாவது நிரல், எத்தனையாவது நிரை. திரை எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப திருத்தியே எண்களை நிரப்பிச் சில்லுகளை வாங்கிக்கொள்ளும். 18ஆம் நிலையில் உவரி சுமார் 1,87,790ஆம் நிரலிலும் 1,25,020ஆம் நிரையிலும் வரும். எச்சரிக்கை ஒன்று உண்டு. சில சேவைகள் நிரையை வடக்கிலிருந்து எண்ணும், சில தெற்கிலிருந்து. மாற்றிக் கொடுத்தால் உவரி இருக்க வேண்டிய இடத்தில் டியேகோ கார்சியாத் தீவுக்கு 600 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் நடுக்கடல் வந்து நிற்கும். அல்லது சில்லே வராது. திரை வெறுமையாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வந்த படத்தை நம்பி உடனே வரையக் கூடாது. சாலையில் போனவர்கள் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்களை மேலே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடம் நாலைந்து மீட்டர் பிசகும். பத்துப் பதினைந்து தடங்களின் நடுவே சாலை இருக்கும். படத்துச் சாலை அதிலிருந்து விலகினால், படத்தை இழுத்துப் பொருத்திவிட்டுப் பிறகு வரையலாம். அரை மீட்டர்ப் படத்தில் பனையின் தலை ஆறேழு புள்ளி அகலம், அதன் நிழல்தான் அதைவிடத் தெளிவு. கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகளை எண்ணிவிடலாம். தூண்டில் வளைவு என்று கடற்கரையில் அழைக்கப்படும் கல்தடுப்பு எங்கிருந்தாலும், அதன் ஒரு பக்கம் மணல் சேர்ந்து மறுபக்கம் அரித்திருப்பது மேலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் விளங்கும். தெருவின் பெயரோ குருசடியின் பெயரோ படத்தில் இல்லை. அதற்கு ஊருக்குள் போய்த்தான் கேட்க வேண்டும்.

மேகம் மூடியிருக்கும்போது, அதாவது படம் மிகவும் தேவைப்படும்போது, இந்தக் கேமராக்கள் எல்லாம் குருடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் உதவுபவை ரேடார் செயற்கைக்கோள்கள். ஐரோப்பாவின் சென்டினல்-1, 2022இல் இஸ்ரோ ஏவிய இஓஎஸ்-04 இரண்டும் தாமே நுண்ணலையை அனுப்பி எதிரொலியைக் கேட்பவை. மேகமும் இரவும் அவற்றுக்குத் தடையில்லை. தேங்கிய நீர் கண்ணாடியாகி, சாய்வாக வந்த அலையை அப்பால் தெறிக்க விட்டுவிடும். திரும்பி எதுவும் வராததால் வெள்ளம் படத்தில் கருப்பு. முந்தின வாரத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்தால், புதிதாகக் கருத்த இடமெல்லாம் நீர் நிற்கும் இடம்.

கடற்கரைக் கோடு ஒன்று மட்டும் எந்த ஒற்றைப் படத்திலும் சரியாகக் கிடைக்காது. செயற்கைக்கோள் சூரியன் நேரப்படி வருகிறது. கடலின் ஏற்றவற்றம் சந்திரன் நேரப்படி, தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே ஒவ்வொரு படத்திலும் நீர்விளிம்பு வேறோர் இடத்தில். மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் பத்துக்கு ஒன்று சரிவுள்ள மணலில் அரை மீட்டர் ஏறினால் விளிம்பு 5 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கேட்பதோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் நீர் தொடும் சராசரிக் கோடு. கைவசம் ஒரே படம் இருந்தால் நுரையை விட்டுவிட்டு, ஈரமணல் முடிந்து காய்ந்த மணல் தொடங்கும் இடத்தில் வரைவார்கள்.

பல படங்கள் இருந்தால் இன்னும் அழகான வழி இருக்கிறது. ஐந்து நாளுக்கு ஒரு படம் என்று ஓராண்டுப் படங்களை அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைத்த மதிப்புகளைச் சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசைப்படுத்தி, நட்டநடுவில் இருப்பதை மட்டும் எடுப்பது. மேகம் பளிச்சென்று இருப்பதால் வரிசையின் ஒரு கோடிக்குப் போய்விடும், மேக நிழல் மறுகோடிக்கு. நடுவில் மிஞ்சுவது சாதாரண நாளின் உவரி. எந்த ஒரு நாளிலும் எடுக்கப்படாத படம். அலை இருக்காது, மூன்று நிற விமானம் இருக்காது, தினமும் கடலுக்குப் போய் வெவ்வேறு இடத்தில் கரையேறும் படகுகளும் இருக்காது. படகுகளை எண்ண வேண்டும் என்றால் பழையபடி ஒற்றைப் படத்தைத்தான் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.